மூன்று மில்லிமீட்டரின் விலை: மெல்லிய லேப்டாப் கொடுக்கும் காசுக்குத் தகுமா?

ஒரே கம்பெனியின் இரண்டு லேப்டாப்களை அருகருகே வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 14 அங்குலத் திரை, ஒரே தலைமுறைப் பிராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம். ஒன்று 19 மி.மீ. தடிமன், 1.6 கிலோ. இன்னொன்று 13 மி.மீ., 1.2 கிலோ. விவரத் தாளில் வேறு பெரிய வித்தியாசம் எதுவும் கண்ணில் படாது. ஆனால் இரண்டாவதன் விலை முதலாவதைப் போல ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு.

கூடுதல் காசு எதற்கு என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். “வெறும் பகட்டு, சூடாகும், வேகம் குறையும்” என்பார் ஒருவர். “ஒருமுறை பழகிவிட்டால் பழையதற்குத் திரும்பவே முடியாது” என்பார் இன்னொருவர். இருவருமே பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்கள் பேசுவது வேறு வேறு காலத்து இயந்திரங்களைப் பற்றி. 2016இல் மெல்லிய லேப்டாப்பில் இருந்த குறைகளில் பாதி இன்று தீர்ந்துவிட்டது. மீதிப் பாதி கடையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, மூன்றாவது வருடத்தில்தான் தெரியும். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த மீதிப் பாதியைப் பற்றியது. அதற்கு முன் அடிப்படையிலிருந்து வருவோம்.

## மெல்லியது வேறு, லேசானது வேறு

விளம்பரங்களில் இந்த இரண்டு சொற்களும் இரட்டைப் பிள்ளைகள் போலச் சேர்ந்தே வரும். உண்மையில் ஒன்று மில்லிமீட்டர் கணக்கு, மற்றது கிலோ கணக்கு. தோளில் மாட்டிய பைக்குத் தெரிவது கிலோதான். மில்லிமீட்டரைப் பார்ப்பது கண்.

எல்ஜி கம்பெனியின் ‘கிராம்’ என்ற வரிசையில் வந்த 14 அங்குல மாடல்கள் சில வெறும் 999 கிராம்தான். ஆனால் தடிமன் 16.8 மி.மீ. ஆப்பிள் 2022இல் வெளியிட்ட எம்2 மேக்புக் ஏர் 11.3 மி.மீ. தடிமன், எடையோ 1.24 கிலோ, திரையும் கொஞ்சம் சிறியது. தடித்தது லேசாகவும் மெல்லியது கனமாகவும் இருக்கிறது. இதற்குக் காரணம் இரண்டு.

1. உலோகம். அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். மெக்னீசியம் 1.74 கிராம்தான். எல்ஜி எடுத்துக்கொண்டது மெக்னீசியக் கலவை, ஆப்பிள் அலுமினியம். மெக்னீசிய உடலைக் கையில் எடுத்தால் ஏதோ பிளாஸ்டிக் பொம்மை போல இருக்கிறது என்று பலர் முகம் சுளிப்பார்கள். அந்த ‘பொம்மைத்தனம்’தான் எடை குறைவதன் அடையாளம்.

2. விறைப்பு. ஒரு தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் உடல் மெலிய மெலிய, வளையாமல் இருக்க உள்ளே கெட்டியான உலோகம் வேண்டும். தடிமனில் மிச்சம் பிடித்த எடையில் ஒரு பகுதி இப்படித் திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது.

25 மி.மீ. லேப்டாப்பிலிருந்து 18 மி.மீ.க்கு வரும்போது பைக்குள் இடம் கிடைப்பது நிஜமாகவே தெரியும். 16இலிருந்து 12க்கு வரும்போது எடையும் சேர்ந்து குறைந்தால் ஒழிய, அன்றாடத்தில் ஒன்றும் மாறுவதில்லை. எனவே கடையில் தடிமனைக் கேட்பதற்கு முன் எடையைக் கேட்பதே சரி.

## இந்தப் போட்டி எப்படி ஆரம்பித்தது

2008 ஜனவரி. ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு சாதாரண அலுவலகக் காகித உறையைப் பிரித்து, உள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவினார். மிகத் தடித்த இடத்தில் 1.94 செ.மீ., விளிம்பில் 0.4 செ.மீ., எடை 1.36 கிலோ, விலை 1,799 டாலர். அதற்காக அந்த இயந்திரம் விட்டுக்கொடுத்தவற்றின் பட்டியல் நீளமானது: டிவிடி டிரைவ் இல்லை, நெட்வொர்க் கேபிள் செருக இடமில்லை, யூஎஸ்பி போர்ட் ஒன்றே ஒன்று, 2 ஜிபி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று நத்தை வேகத்தில். மெல்லிய லேப்டாப் பற்றி இன்றுவரை கேட்கும் எல்லா முறையீடும் அந்த முதல் நாளிலேயே இருந்தது.

2010இல் ஆப்பிள் அதை மறுபடி வடிவமைத்து, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஃபிளாஷ் நினைவகத்தைப் போட்டு, 999 டாலரில் ஆரம்பித்தது. அப்போதுதான் அது கூட்டத்துக்கான பொருளானது. மற்ற கம்பெனிகள் பின்தங்கிவிடக் கூடாது என்று 2011இல் பிராசஸர் செய்யும் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரையும் ஒரு விதிமுறையையும் கொண்டுவந்தது. திரை 14 அங்குலத்துக்குக் குறைவென்றால் 18 மி.மீ.க்குள், அதற்கு மேல் என்றால் 21 மி.மீ.க்குள். கூடவே 30 கோடி டாலர் நிதியும் ஒதுக்கியது.

அப்புறம் ஓட்டப்பந்தயம்தான். 2015இல் 13.1 மி.மீ., 0.92 கிலோ மேக்புக். 2016இல் எச்பி ஸ்பெக்டர் 10.4 மி.மீ. அதே ஆண்டு ஏசர் ஸ்விஃப்ட் 7 முதன்முறையாக 10 மி.மீ.க்குக் கீழே இறங்கி 9.98ஐத் தொட்டது, 2018இல் 8.98. இரண்டாம் தசம இடம்வரை எழுதினார்கள் என்பதைக் கவனித்தாலே போட்டி எங்கே போய் நின்றது என்று புரியும்.

## கூடுதல் காசு எங்கே போகிறது

மெல்லியதாகச் செய்வதற்கே ஆகும் செலவு ஒரு பகுதி. மெல்லிய மாடலோடு சேர்த்துக் கட்டி விற்கப்படுவதற்கான விலை மற்றொரு பகுதி. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. உடல். பிளாஸ்டிக்கை அச்சில் வார்ப்பது மலிவு. ஒரு அலுமினியக் கட்டியை எடுத்து, கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்தில் செதுக்கிச் செதுக்கி உள்ளே பள்ளம் தோண்டுவது அப்படியல்ல. நேரம் பிடிக்கும் வேலை.

2. பேட்டரி. பழைய தடித்த லேப்டாப்களில் இருந்தவை ‘18650’ என்ற உருளை செல்கள். அந்தப் பெயரே அளவுதான்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அதை வைத்து 18 மி.மீ.க்குக் கீழான லேப்டாப்பைக் கட்ட வழியே இல்லை. அதனால் பை போன்ற தட்டையான லித்தியம் பாலிமர் செல்கள் வந்தன. ஒவ்வொரு மாடலின் உள்ளிடத்துக்கும் ஏற்ற வடிவில் தனியாகச் செய்ய வேண்டும். பிற்பாடு மாற்று பேட்டரி கிடைக்காமல் அலைவதற்கு விதையும் இங்கேதான்.

3. மதர்போர்டு. சிறிய பலகையில் அத்தனையும் நெருக்கி வைக்க வேண்டும். அதில் அடுக்குகள் கூடும், செலவும் கூடும்.

4. மற்ற நல்லவை எல்லாம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு கம்பெனி தன்னிடம் இருக்கும் நல்ல திரை, நல்ல டச்பேட், நல்ல ஸ்பீக்கர், தெளிவான கேமரா எல்லாவற்றையும் விலை உயர்ந்த மெல்லிய மாடலில்தான் வைக்கும். தடித்த மாடலில் மங்கலான திரையைப் போட்டுவிடும். தொழில்நுட்பக் கட்டாயம் எதுவும் இல்லை, 19 மி.மீ. உடலிலும் அதே திரையைப் பொருத்தலாம். அது விற்பனைத் தந்திரம். ஆக, ‘மெல்லியதுக்குக் காசு கொடுத்தேன், வாழ்க்கையே மாறிவிட்டது’ என்று மகிழ்பவர் பல நேரம் மகிழ்வது திரையையும் டச்பேடையும் பார்த்து.

5. கூடுதல் ரேம், கூடுதல் சேமிப்பு. போர்டில் பற்றவைத்த ரேமை வெளியே வாங்கிப் போட முடியாது. வாங்கும் நாளிலேயே கம்பெனி சொல்லும் விலைதான். போட்டி இல்லாத இடத்தில் விலை எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். 8இலிருந்து 16க்கும் 16இலிருந்து 32க்கும் போக அவர்கள் கேட்பது, அதே அளவு ரேமைத் தனியாக வாங்கும் விலையோடு ஒட்டாது.

## சூடும் வேகமும்: பத்தாவது நிமிடம்

பிராசஸருக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய அத்தனையும் சூடாகவே வெளியே வருகிறது. 30 வாட் உறிஞ்சினால் 30 வாட் சூடு. லேப்டாப் பிராசஸர்களை இதை வைத்தே ரகம் பிரிப்பது வழக்கம்: கனமான வேலைக்கான 45 வாட் ரகம், மெல்லிய லேப்டாப்புக்கான 15 வாட் ரகம், 2015 வாக்கில் ஃபேனே இல்லாத இயந்திரங்களுக்கு வந்த 4.5 வாட் ரகம்.

மெல்லிய உடலில் ஃபேனும் மெல்லியதாகத்தான் இருக்க வேண்டும். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுழல வேண்டும். வேகம் கூடக் கூட ஓசை கீச்சென்று ஏறும். இதற்கு மேல் இன்னொரு வரம்பும் உண்டு. சிப், அதாவது பிராசஸர், 100 டிகிரி வரை தாங்கும். அதை மடியில் வைத்திருப்பவரின் தொடை தாங்காது. உடல் மெலிந்தால் சிப்புக்கும் தொடைக்கும் இடையிலான தூரமும் குறைகிறது. அதனால் சில இயந்திரங்கள் சிப்பின் சூட்டை மட்டும் பார்ப்பதில்லை, வெளி உலோகத்தின் சூட்டையும் பார்த்து வேகத்தைக் குறைத்துவிடும்.

நேரில் பார்த்தால் இப்படி இருக்கும். அரை மணி நேர வீடியோவை எடிட் செய்து முடித்து எக்ஸ்போர்ட் அழுத்துகிறீர்கள். முதல் அரை நிமிடம் பட்டை பாய்ந்து ஓடும். 15 வாட் ரகச் சிப் அந்த நேரத்தில் 30 வாட்டுக்கு மேலும் இழுத்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்துக்கு அப்படி இழுக்க அதற்கு அனுமதி உண்டு. ஃபேன் மெல்ல எழுந்து, சீக்கிரமே உச்சத்துக்குப் போகும். கீபோர்டின் மேல் வரிசையில் விரல் வைத்தால் சுடும். இரண்டு மூன்று நிமிடத்தில் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு 15 வாட்டுக்கு இறங்கும். இதைத்தான் த்ராட்டிலிங் என்கிறார்கள். பத்தாவது நிமிடத்தில் இருப்பதுதான் அந்த இயந்திரத்தின் உண்மையான வேகம். பக்கத்தில் இருக்கும் தடித்த லேப்டாப்பில் அதே பெயர் கொண்ட சிப் இன்னும் 30 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். சிப்பின் பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர் ஏமாறுவது இந்த இடத்தில்.

சரி, 30 வாட் 15ஆனால் வேகமும் பாதியாகுமா? ஆகாது. சிப்பின் மின்செலவு அதன் வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அதனால் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் ஏராளமான மின்சாரம் செலவாகிறது. திருப்பிச் சொன்னால், மின்சாரத்தைப் பாதியாக வெட்டினாலும் வேகம் அதைவிடக் குறைவாகவே விழும். மெல்லிய லேப்டாப்கள் பிழைத்திருப்பதே இந்தக் கணக்கால்தான்.

2020 நவம்பரில் வந்த, எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏரில் ஃபேனே இல்லை. ஆனாலும் அன்றாட வேலைகளில் பல தடித்த லேப்டாப்களை அது முந்தியது. அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்யும் சிப் வந்துவிட்டால், வெளியேற்ற வேண்டிய சூடே குறைந்துவிடுகிறது. 2024இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ், இன்டெலின் லூனார் லேக் சிப்கள் விண்டோஸ் பக்கமும் இதே திசையில் வந்தன. எழுத்து வேலை, இணையம், வீடியோ அழைப்பு, கணக்குத் தாள், ஓரளவு நிரல் எழுதுவது, படங்களைத் திருத்துவது எல்லாம் விட்டு விட்டு வரும் சுமைகள். இரண்டு நொடி வேலை, பத்து நொடி ஓய்வு. இவற்றுக்கு மெல்லிய உடல் இன்று தடையே இல்லை. மணிக்கணக்கில் விடாமல் ஓடும் வேலை, விளையாட்டு, முப்பரிமாண வடிவமைப்பு என்றால் பழைய எச்சரிக்கை அப்படியே நிற்கிறது.

## அரை மில்லிமீட்டர் கீபோர்டு சொன்ன பாடம்

மெலிவுக்காக எதைத் தொடக் கூடாது என்பதற்கு ஆப்பிளின் ‘பட்டர்ஃபிளை’ கீபோர்டே சாட்சி. 2015 மேக்புக்கில் வந்தது. சாதாரண லேப்டாப் விசை ஒரு மி.மீ.க்கு மேல், நல்லவற்றில் ஒன்றரை மி.மீ. வரை கீழே இறங்கும். இது அரை மி.மீ. அளவுக்குத்தான் இறங்கியது. தட்டினால் மேசையைத் தட்டுவது போல இருக்கும். அதைக்கூடப் பழகிக்கொண்டார்கள். தூசியைத்தான் சமாளிக்க முடியவில்லை. விசைக்கு அடியில் இடமே இல்லாததால், ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும்: ஓர் எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும்.

அதைச் சரிசெய்யப் போனால்தான் வேடிக்கை. கீபோர்டு மேல்பக்க உலோகத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. பேட்டரி அதே உலோகத்தின் அடியில் ஒட்டப்பட்டிருந்தது. கீபோர்டை மாற்ற வேண்டுமென்றால் உலோகம், பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக மாற்ற வேண்டும். ஒரு துணுக்குக்காகப் பாதி லேப்டாப்.

2018 ஜூனில் ஆப்பிள், வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் பழைய வகைக் கீபோர்டு திரும்பி வந்தது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கை முடிக்க 2022இல் 5 கோடி டாலர் தர அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

2021இல் வந்த 14, 16 அங்குல மேக்புக் புரோக்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. 2016இல் மெலிவுக்காகத் தூக்கி எறிந்த எச்டிஎம்ஐ (வெளித் திரையை இணைக்கும் துளை), மெமரி கார்டு துளை, காந்த சார்ஜர் மூன்றும் திரும்பின. 2016இன் பெரிய மாடல் 15.5 மி.மீ.; 2021இன் பெரிய மாடல் 16.8 மி.மீ. யாரும் அதைத் தடிமன் என்று குறை சொன்னதாகத் தெரியவில்லை. மெல்லியதை வைத்தே பெயர் வாங்கிய நிறுவனம், 1.3 மி.மீ. பின்வாங்கிப் பாராட்டு வாங்கியது.

## துளைகள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. பழைய யூஎஸ்பி செருகி 4.5 மி.மீ. உயரம், எச்டிஎம்ஐயும் ஏறக்குறைய அதே. யூஎஸ்பி-சி துளை சுமார் 2.6 மி.மீ.தான். உடல் மெலிந்தால் எது மிஞ்சும் என்பதை அளவே சொல்லிவிடுகிறது. அன்றாடம் பென் டிரைவ், புரொஜெக்டர், நெட்வொர்க் கேபிள் பயன்படுத்துபவர்கள் ஓர் இணைப்புப் பெட்டியையும் சுமக்க வேண்டும். அதன் எடையை லேப்டாப்பின் எடையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும், பலர் சேர்ப்பதில்லை.

## பேட்டரி: சின்னது சீக்கிரம் மூப்படையும்

பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணி என்ற அளவில் சொல்கிறார்கள். 50 வாட்-மணி என்றால், 5 வாட் செலவழிக்கும் இயந்திரம் பத்து மணி நேரம் ஓடும். விமானத்தில் கைப்பையில் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப்போகலாம் என்ற வரம்பு 100 வாட்-மணி. பெரிய லேப்டாப்கள் 99 பக்கத்தில் வந்து நிற்பது அதனால்தான். மெல்லியவை பெரும்பாலும் அதில் பாதியைச் சுற்றி இருக்கும்.

ஒரே நாளில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைச் சிப்பின் சிக்கனம் ஈடுகட்டிவிடலாம். எத்தனை ஆண்டு நன்றாக இருக்கும் என்பது வேறு கேள்வி. லித்தியம் பேட்டரியின் ஆயுளைச் சுற்றுக் கணக்கில் சொல்வார்கள். முழுக்க ஒருமுறை தீர்ந்து நிரம்புவது ஒரு சுற்று. 1,000 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு நாளில், நடுவில் சார்ஜ் செய்துகொண்டாவது, பேட்டரியிலிருந்து மொத்தம் 60 வாட்-மணி செலவழிப்பவர் என்றால்:

1. 80 வாட்-மணி பேட்டரியில் அது முக்கால் சுற்று. 1,000 சுற்று முடிய 1,333 நாள், மூன்றரை ஆண்டுக்கும் மேல்.
2. 40 வாட்-மணி பேட்டரியில் அது ஒன்றரைச் சுற்று. 667 நாள், இரண்டு ஆண்டுகூட இல்லை.

அதோடு சூடும் பேட்டரியை மூப்படையச் செய்யும். மெல்லிய உடலில் சிப்பும் பேட்டரியும் கிட்டக் கிட்ட இருப்பவை. மூப்படைந்த தட்டை செல் சில நேரம் உப்பும். தடித்த உடலில் உப்புவதற்குக் கொஞ்சம் இடம் இருக்கும், மெல்லியதில் கிடையாது. டச்பேடை அழுத்தினால் ‘கிளிக்’ சத்தம் வராமல் கெட்டியாக நிற்கிறதா? மேசையில் வைத்தால் நான்கு மூலையும் படியாமல் ஆடுகிறதா? மூடி முழுக்க மூடாமல் நூலளவு இடைவெளி விடுகிறதா? அது பேட்டரி அடியிலிருந்து முட்டுகிறது. அதற்கு மேல் அதை சார்ஜ் செய்யக் கூடாது. உடனே கழற்றி மாற்ற வேண்டும். அங்கேதான் அடுத்த கேள்வி: கழற்ற முடியுமா?

## திறக்க முடியாத பெட்டி

இன்றைய மெல்லிய லேப்டாப்பின் உண்மையான விலை இதுதான் என்பது என் கணிப்பு. சூடும் கீபோர்டும் வேகமும் பெருமளவு சரியாகிவிட்டன. திறக்க முடியாமை அப்படியே இருக்கிறது.

ரேமைப் பற்றவைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு, இல்லை என்று சொல்லக் கூடாது. எல்பிடிடிஆர் எனப்படும் குறைந்த மின்செலவு ரேம், சிப்புக்கு மிக அருகில், குட்டையான இணைப்புகளோடு இருந்தால்தான் அந்த வேகத்தில் ஓடும். பழைய வகைச் செருகு ரேம் அதற்கு ஒத்துவராது. லூனார் லேக்கில் இன்டெல் ரேமைச் சிப்போடு ஒரே பொதியில் வைத்தது. உச்சபட்சம் 32 ஜிபி. பேட்டரி நீடிக்க அது உதவியது. ஆனால் மூன்று ஆண்டு கழித்து ரேம் போதவில்லை என்றால் செய்ய ஒன்றுமில்லை.

பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுவதற்கு அத்தகைய காரணம் அவ்வளவாக இல்லை. மைக்ரோசாஃப்ட் 2017இல் வெளியிட்ட சர்ஃபேஸ் லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் (சாதனங்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் தளம்) பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு பூஜ்யம் கொடுத்தது. உடைக்காமல் உள்ளே போகவே வழியில்லை என்பது காரணம். இரண்டு ஆண்டு கழித்து வந்த மூன்றாம் பதிப்பை அதே மைக்ரோசாஃப்ட் ஸ்க்ரூ கழற்றித் திறக்கும்படி செய்தது. லேப்டாப் தடித்துவிடவில்லை. 2021இல் வந்த ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 15.85 மி.மீ., 1.3 கிலோ. ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, கீபோர்டு, திரை, மதர்போர்டு வரை வாங்கியவரே மாற்றலாம். ஆக, 16 மி.மீ.க்குள் எல்லாம் சாத்தியம். அதற்குக் கீழே போகும் அந்த மூன்று நான்கு மில்லிமீட்டருக்காகத்தான் பசையையும் பற்றவைப்பையும் நியாயப்படுத்துகிறார்கள்.

மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. வேகமான ரேமையும் கழற்றி மாட்டும்படி செய்யும் ‘கேம்2’ என்ற தட்டை வடிவத்தை 2023 டிசம்பரில் நினைவகத் தரங்களை வகுக்கும் அமைப்பான ஜெடெக் தரமாக அறிவித்தது. டெல் 2022இலேயே அதன் முன்வடிவை ஒரு மாடலில் போட்டிருந்தது. 2024இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 அதன் எல்பிடிடிஆர் வகையோடு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதி, சிறு சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. அமலுக்கு வரும் நாள் 2027 பிப்ரவரி 18.

ஒரு எச்சரிக்கை: சில மெல்லிய மாடல்களில் எஸ்எஸ்டியும் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். போர்டு செத்தால் அதிலிருக்கும் கோப்புகளை எடுப்பது பெரும்பாடு. அத்தகைய லேப்டாப்பில் பேக்கப் என்பது விருப்பம் அல்ல, கட்டாயம்.

## காசுக்குத் தகுமா: ஒரு கணக்கு

சாதாரண லேப்டாப்பின் விலை 100 என்றும், மெல்லியதன் விலை 160 என்றும் வையுங்கள். இது கணக்குக்காக எடுத்த எண்தான்.

1. இரண்டையும் 4 ஆண்டில் மாற்றினால், ஆண்டுக்கு 25, 40. மெல்லியது தெளிவாகச் செலவு.
2. மெல்லியது நல்ல உடல், நல்ல திரை என்பதால் 6 ஆண்டு வைத்துக்கொள்கிறீர்கள். சாதாரணமானது 4 ஆண்டில் கீல் உடைந்து போகிறது. அப்போது 25, 27. வித்தியாசமே இல்லை.
3. சாதாரணமானதில் மூன்றாம் ஆண்டு 8 செலவழித்து ரேமைக் கூட்டி 6 ஆண்டு ஓட்டுகிறீர்கள். ஆண்டுக்கு 18தான்.

எல்லாமே எத்தனை ஆண்டு என்பதில் தொங்குகிறது. அதனால் மெல்லியதை வாங்குபவர் அன்றைய தேவைக்கான ரேமை வாங்கக் கூடாது. ஐந்து ஆண்டு கழித்து வேண்டியிருப்பதை இன்றே வாங்க வேண்டும். அந்தத் தொகையும் சேர்ந்ததுதான் அதன் உண்மையான விலை. காசு பற்றாமல் குறைந்த ரேம் மாடலை எடுப்பதானால், அந்த வகை லேப்டாப்பே வேண்டாம். சென்ற ஆண்டின் மாடல் விலை இறங்கிக் கிடைத்தால் அதைக் கூடுதல் ரேமோடு எடுப்பது மேல். மெல்லிய உயர்தர லேப்டாப்களில் ஓர் ஆண்டு வித்தியாசம் பெரும்பாலும் சிப்பின் எண்ணில்தான் இருக்கும்.

யாருக்குத் தகும்? தினமும் தோளில் சுமந்து, நாளுக்கு நாலு இடம் மாறி, மடியிலும் சிறிய மேசையிலும் வைத்து எழுத்தும் பேச்சும் கணக்குமாக வேலை செய்பவருக்கு 400 கிராம் என்பது உடம்பில் தெரியும் வித்தியாசம். அவருக்குத் தகும். மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு மெலிவு எதற்கு? திரைக்காக வாங்குகிறேன் என்றால், அதே காசில் ஒரு நல்ல வெளி மானிட்டரும் தடித்த லேப்டாப்பும் வந்துவிடும். நீண்ட நேரம் விடாமல் ஓடும் கனமான வேலைக்காரர்கள் விலகிப் போவதே நல்லது.

## விவரத் தாளைப் படிக்கும்போது

1. தடிமன் எங்கே அளந்தது என்று பாருங்கள். சாய்வான உடல் என்றால் விளிம்பின் அளவைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அடியில் இருக்கும் ரப்பர் கால்கள் பல நேரம் கணக்கில் வராது.
2. எடைக்குப் பக்கத்தில் ‘முதல்’ (இத்தனை கிலோவிலிருந்து தொடங்கும்) என்ற சொல்லோ நட்சத்திரக் குறியோ இருந்தால், அது பெரும்பாலும் சிறிய பேட்டரியும் தொடுதிரை இல்லாத மாடலும் சேர்ந்த எடை. நீங்கள் வாங்கும் மாடல் அதைவிடக் கனமாக இருக்கலாம்.
3. சார்ஜரின் எடை அதில் இல்லை. செங்கல் போன்ற சார்ஜரும் இணைப்புப் பெட்டியும் சேர்ந்து, மெலிவில் மிச்சம் பிடித்த 400 கிராமைத் திரும்ப ஏற்றிவிடும்.
4. விமர்சனங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓட்டிய சோதனை இருக்கிறதா என்று தேடுங்கள். ஒருமுறை ஓட்டி எடுத்த எண் முதல் அரை நிமிடத்தின் எண்.
5. பழுதுபார்க்கும் கையேட்டைக் கம்பெனியே தன் தளத்தில் வைத்திருக்கிறதா? பேட்டரியை மாற்றும் பக்கத்துக்குப் போங்கள். அதில் ஸ்க்ரூ எண்ணிக்கை இருந்தால் நல்லது. ‘மேல்பக்க முழுத் தொகுதியை மாற்றவும்’ என்று இருந்தால், அந்தத் தொகுதியின் விலையை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தையும் பார்த்தபின், 16 மி.மீ. பக்கம், 1.3 கிலோ பக்கம், ஸ்க்ரூ கழற்றினால் பேட்டரியும் எஸ்எஸ்டியும் கையில் வருகிற மாடல் ஒன்று நடுத்தர விலையில் தென்பட்டால், அதைத்தான் எடுக்கச் சொல்வேன். பக்கத்து மேசையில் இருக்கும் 12 மி.மீ. லேப்டாப் அழகாகத்தான் இருக்கும்.